நாலு விரல் நீலம்

"போட மாட்டேன்" என்றார் விமானி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய இடது கால் முழங்கால் வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. மீதி உடம்பு முழுவதும் கோபத்துக்குள் இருந்தது. எதிரே காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டியபடி நின்றார். நீட்டிய கை வலித்திருக்க வேண்டும். கையை மாற்றிக்கொண்டார்.

"மேடம், ஒரே வரிதான். 'என் கவனக்குறைவால் விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் தூக்கப்பட்டது.' அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரியில என் லைசென்ஸ் போயிடும். நான் தூக்கல. சீட்டு பின்னால போச்சு. நூறு தடவை சொல்லிட்டேன்."

"சீட்டு நல்லா இருக்கே. நானே பார்த்தேனே."

"பார்த்தீங்க. உக்காந்து பறந்தீங்களா?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். "சாயங்காலம் விமானக் கொட்டகையில வச்சு அறிக்கையை முடிக்கிறேன். நீங்க கையெழுத்துப் போடலேன்னா, 'ஒத்துழைக்க மறுத்தார்'னு இன்னொரு வரி சேரும். யோசிங்க."

போகிற போக்கில், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

எங்களை என்றால், என் அண்ணியையும் என்னையும். அண்ணி துப்பறிவாளர். நான் அவருடைய கணவரின் தம்பி. கார் ஓட்டுவது, பை தூக்குவது, கேட்காத கருத்தைச் சொல்வது ஆகிய துறைகள் என் பொறுப்பு. அண்ணியிடம் எதையும் மறைக்க முயலாத ஒரே மனிதர் என் அண்ணன். அடிபட்டுத் தெளிந்தவர்.

அண்ணி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "நடந்ததைச் சொல்லுங்க."

"நூத்தியொண்ணாவது தடவையா?"

"எனக்கு முதல் தடவை."

விமானி ஒரு நிமிடம் அண்ணியை அளந்து பார்த்தார். பிறகு சொன்னார். அவர் ஒரு சின்ன விமானப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர். பள்ளிக்கு இருந்தவை இரண்டே விமானங்கள். அவற்றில் ஒன்றை விற்பதற்காக வேறொரு ஊரில் காட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. தனியாக ஏறினார். ஓடுபாதையில் முழு வேகம். சக்கரம் தரையை விட்டது. அந்த நொடியில் சீட்டு சர்ரென்று பின்னால் ஓடியது.

"பஸ் திடீர்னு கிளம்பினா கம்பியைப் பிடிப்போமே, அந்த மாதிரி கையில இருந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டேன். நான் பின்னால போக, அதுவும் என்னோட வந்துடுச்சு. காலும் மிதிக்கு எட்டல."

விமானத்தின் ஸ்டியரிங் கார் ஸ்டியரிங் போல் அல்ல. அதைத் திருப்பலாம், இழுக்கவும் தள்ளவும் செய்யலாம். இழுத்தால் மூக்கு மேலே போகும். கொஞ்சம் இழுத்தால் விமானம் ஏறும். அதிகம் இழுத்தால், காற்றை வெட்டிப் போக வேண்டிய இறக்கை காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நின்றுவிடும். நின்றால் தாங்காது. தென்னை மட்டை விழுகிற மாதிரி விழும். விழுந்தது. நல்லவேளையாக ஓடுபாதையிலேயே, அதிக உயரம் போவதற்கு முன்னால்.

"ஏறினதும் சீட்டைப் பூட்டினீங்களா?" என்றார் அண்ணி.

"நான் உயரம் கம்மி. சீட்டை முன்னால கடைசி வரைக்கும் தள்ளினாத்தான் கால் எட்டும். தள்ளினேன், பூட்டினேன், இப்படி அப்படி ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்னுச்சு. என் மாணவர்களுக்கு முதல் பாடமே அதுதான். நானே செய்யாம விடுவேனா?"

"விமானத்துல அன்னிக்கு ஏதாவது புதுசா இருந்துச்சா?"

"விக்கிற பொருள் இல்லையா, பொண்ணு பார்க்க வர்ற மாதிரி அலங்காரம். கண்ணாடியெல்லாம் பளபளன்னு. கீழ நீலக் கம்பளம். நான் செருப்பைக் கழட்டிட்டு ஏறணுமான்னுகூட யோசிச்சேன்."

"நீலக் கம்பளம்" என்றார் அண்ணி, எழுந்தபடி.

"அதுல என்ன இருக்கு அண்ணி?" என்றேன் வெளியே வந்ததும்.

"தெரியல. பாறை மாதிரி நின்ன சீட்டு ஓடிருக்கு. அப்ப அந்தச் சீட்டு எது மேல நின்னுச்சுன்னு பார்க்க வேண்டாமா?"

*

விமானக் கொட்டகை வாசலில் பள்ளியின் முதலாளி நின்றிருந்தார். அவரை எல்லோரும் தொப்பி என்பார்கள். பொன் பட்டை வைத்த விமானித் தொப்பியை எப்போதும் அணிந்திருப்பார், பறந்ததில்லை. தலைக்கும் தொப்பிக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் காற்று போய்வரும்.

"பாருங்க, பாருங்க. மறைக்க ஒண்ணுமில்ல" என்று உள்ளே அழைத்துப் போனார்.

விமானம் மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. முன்சக்கரக் கால் முறிந்திருந்தது. விசிறியின் இரண்டு இதழ்களும் வாடிய வாழையிலை போல் மடங்கியிருந்தன. ஆனால் விமானி உட்காரும் அறை அப்படியே இருந்தது.

அந்தச் சீட்டின் சூட்சுமம் எளிமையானது. தரையில் இரண்டு சின்னத் தண்டவாளங்கள். அவற்றின்மேல் சக்கரம் வைத்த சீட்டு. தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். சாய்வு நாற்காலியில் எந்தப் பள்ளத்தில் கட்டையை மாட்டுகிறோமோ அந்த அளவுக்குச் சாய்கிறதே, அதே தத்துவம்தான். நெம்புகோலைத் தூக்கினால் சீட்டின் அடியில் இருக்கும் முளை மேலே வரும், சீட்டு நகரும். விட்டால் வில்கம்பி முளையைத் துளைக்குள் இறக்கும். முளை துளைக்குள் இருக்கும்வரை யானை இழுத்தாலும் சீட்டு அசையாது.

தொப்பி முழங்கால்களை முகவாய் வரை மடக்கி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் கடைசி வரை தள்ளினார். டக். ஆட்டினார். அசையவில்லை. மறுபடி தள்ளினார். டக். மூன்றாவது தடவையும் டக்.

"போதுமா? சீட்டு மேல பழி போட்டா சீட்டு வந்து பதில் சொல்லாதுன்னு தைரியம் அந்தம்மாவுக்கு."

"கம்பளம் எங்க சார்?" என்றார் அண்ணி.

"எந்தக் கம்பளம்?"

"நீலக் கம்பளம்."

தரையில் வெறும் தகடு. தொப்பி சிரித்தார். "இதுல ஏதும்மா கம்பளம்? இது என்ன கல்யாண மண்டபமா? தலையில அடிபட்டிருக்கு பாவம், எதை எதையோ சொல்லுது."

அண்ணி விமானத்துக்குள் ஒரு காலை வைத்தார். எடுத்தார். செருப்பு தகட்டிலிருந்து பிரியும்போது 'ப்ச்' என்றது. மறுபடி வைத்து எடுத்தார். மறுபடி 'ப்ச்'.

"தரை ரொம்ப வருத்தப்படுது" என்றேன்.

"எண்ணெய் போட்டுத் துடைச்சோம்" என்றார் தொப்பி.

எண்ணெய் வழுக்கும். ஒட்டுவது பசை. இது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், தொப்பிக்கும் தெரியும். மூன்று பேரும் நாகரிகமாக விடைபெற்றோம்.

வெளியே தொப்பியின் கார் நின்றது. அண்ணி அதைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். உள்ளே சீட்டுகளுக்குப் புதுத் துணி. சீட்டின் முதுகுத் தையலில் நகத்தளவு ஒரு துணி லேபிள், கடையின் பெயரோடு.

"காருக்கு இந்தக் கடையில தள்ளுபடி வாங்கியிருப்பார். அந்த மனுஷன் கம்பளத்துக்கு வேற கடைக்குப் போவாரா?" என்றார்.

"அண்ணன் முடி வெட்டிக்கிற கடையை மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

"உங்க அண்ணனுக்குத் தள்ளுபடி கிடைக்கிறதில்ல. முடி கம்மியா இருக்கு."

*

குஷன் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கூரை வரை பஞ்சு, ரெக்ஸின் சுருள், பாதி உரித்த கார் சீட்டுகள். நடுவில் பெரிய தையல் மெஷின். அதன் முன்னால் இருந்த குஷன் மாஸ்டர் வாயில் நூலைக் கடித்தபடி எங்களைப் பார்த்தார்.

"விமானத்துக்குக் கம்பளம் போட்டீங்களா?" என்றேன் நேரடியாக. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

"விமானமா? கார், பஸ், சோபா. அவ்வளவுதான்." பதில் மிக வேகமாக வந்தது. யாரோ பாடம் எடுத்திருந்தார்கள்.

அண்ணி என் தோளைத் தொட்டார். "வா போகலாம். நான்தான் சொன்னேனே, இவரா இருக்காது. அந்த வேலையைப் பார்த்தேல்ல? தண்டவாளம் முன்னால அசிங்கமா பல்லைக் காட்டிட்டு இருந்துச்சு. ஓரம் பிசிறு. இவர் கடை வேலை இவ்வளவு சுத்தமா இருக்கு. அது யாரோ கத்துக்குட்டி பண்ணினது."

நாங்கள் வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை.

"யாருக்குப் பல்லைக் காட்டிச்சு?" மாஸ்டர் எழுந்துவிட்டார். "முன்னால நான் மூடியில்ல போட்டேன்! கார்ல எப்படிப் போடுவேனோ அப்படி. வாசல்ல ஏறும்போது மூஞ்சியில அடிக்கிற மாதிரி இரும்பு தெரியக்கூடாதுன்னு தண்டவாளத்தோட முன்பக்கத்தை வெட்டாம அப்படியே மேல ஏத்தி ஒட்டினேன். பிசிறா? என் வேலையில பிசிறா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. மெல்ல உட்கார்ந்தார்.

"போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னார்" என்றார்.

"பிசிறு இல்ல மாஸ்டர். சும்மா சொன்னேன்" என்றார் அண்ணி. "சீட்டுக்கு அடியில எப்படி வெட்டினீங்க?"

"தண்டவாளம் அகலத்துக்கு நீளமா ரெண்டு பட்டை வெட்டி எடுத்துட்டு, அந்தச் சந்துல தண்டவாளம் வர்ற மாதிரி விரிச்சேன். எல்லாரும் செய்யறதுதான்."

"வெட்டி எடுத்த பட்டை?"

மாஸ்டர் குனிந்து தையல் மெஷினின் காலடியைக் காட்டினார். மெஷின் அதிரும்போது தரையில் நகராமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்துக் கால்களுக்கும் அடியில் ஒரு நீலப் பட்டை.

அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மெஷினைத் தூக்கிப் பிடிக்க, பட்டைகளை உருவினார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வீட்டில் தொலைந்த சாவி கிடைக்கும்போது வருமே, அது.

"கம்பளத்தை ஒளிச்சு வைக்கலாம், எரிக்கலாம். ஆனா கம்பளத்துல விழுந்த ஓட்டையை எப்படி எரிப்பாங்க? ஓட்டை இதோ இருக்கு. இது எவ்வளவு நீளமோ, அவ்வளவு தண்டவாளம்தான் வெளியே தெரிஞ்சிருக்கும். மீதி கம்பளத்துக்கு அடியில."

மாஸ்டருக்கு இன்னும் புரியவில்லை. "மூடினா என்ன? அது சீட்டு ஓடுற இடம்தானே? கார்ல பூட்டு பக்கவாட்டுல, தண்டவாளத்துக்கு உள்ளுக்குள்ள பல் மாதிரி இருக்கும். மேல துணி போட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"இதுல பூட்டு மேலேருந்து இறங்குது மாஸ்டர்" என்றார் அண்ணி. "துளைக்குள்ள."

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் வேலை செய்யும்போது சீட்டு நடுவுல நின்னுச்சு. முன்னால தள்ளிப் பார்க்கல. ஊர்ல பேசிக்கிறாங்களே, அந்தம்மாவுக்கு... கால் போயிடுச்சா?"

"ஒடைஞ்சிருக்கு. சேர்ந்துடும். லைசென்ஸ்தான் சேருமா தெரியல."

மாஸ்டர் மூலையிலிருந்த நீலச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டார். "இதே ரோல்தான். வாங்க. நானே போட்டுக் காட்டறேன்."

"முதலாளி கோவிச்சுக்குவாரே?" என்றேன்.

"தையல்காரன் தப்பா தைச்சா பிரிச்சுத் தைக்கணும். ஒளிச்சு வைக்கக்கூடாது."

*

சாயங்காலம் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். விமானியை ஊன்றுகோலோடு அழைத்து வந்திருந்தார்கள். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. ஆய்வாளர் தாளோடு தயாராக இருந்தார். தொப்பி தயாரான புன்னகையோடு இருந்தார். மாஸ்டரையும் அவர் தோளில் இருந்த சுருளையும் பார்த்ததும் புன்னகை மட்டும் அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள் போய்விட்டார்.

அண்ணி நீலப் பட்டையைத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். அகலம் அச்சாகப் பொருந்தியது. நீளம் பொருந்தவில்லை. முன்பக்கத்தில் நாலு விரல் அளவு தண்டவாளம் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாலு விரலுக்குள்தான் முதல் துளை இருந்தது.

"பட்டை எங்க வேணும்னாலும் கிடைக்கும்" என்றார் தொப்பி.

"சரி சார்" என்ற அண்ணி மாஸ்டருக்குத் தலையசைத்தார். மாஸ்டர் ஒரு துண்டு வெட்டி, அன்று ஒட்டியது போலவே முன்பக்கத்து நாலு விரலை மூடி ஒட்டினார். அழகாகத்தான் இருந்தது.

"காலையில உக்காந்து மூணு தடவை பூட்டிக் காட்டினீங்க" என்றார் அண்ணி. "இன்னொரு தடவை உக்காருங்க. நாங்க வாலை மட்டும் லேசா அழுத்தி மூக்கைத் தூக்குவோம்."

தொப்பி உட்காரவில்லை.

"எனக்கு முதுகு வலி."

"காலையில இல்லையே?" என்றேன்.

"இப்ப வந்திருக்கு!"

ஆய்வாளர் தொப்பியை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தார். கம்பளமே கிடையாது என்றவருக்கு, கம்பளம் போட்ட சீட்டில் உட்கார மட்டும் ஏன் இவ்வளவு பயம்? அவர் தாளை என் கையில் கொடுத்தார். "நான் உக்கார்றேன்."

ஏறினார். சீட்டை முன்னால் கடைசி வரை தள்ளினார். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. நெம்புகோலை விட்டார். ஆட்டினார். அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். பாறை.

"பார்த்தீங்களா!" என்றார் தொப்பி, முதுகு வலி குணமாகி.

காரணம் இருந்தது. சக்கரத்தின் அடியில் போன கம்பளம், வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை வைத்தது போல் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆட்டிப் பார்க்கிறவருக்குப் பூட்டின மாதிரியே இருக்கும். முளை மட்டும் துளைக்குள் இறங்காமல், கம்பளத்தின்மேல் விருந்தாளி போல உட்கார்ந்திருக்கும்.

நானும் மாஸ்டரும் வாலுக்குப் போனோம். சின்ன விமானம் பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரி. வாலில் தொங்கினால் மூக்கு எழும். என் எடையைப் பற்றி வீட்டில் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். அதற்கு ஓர் உபயோகம் உண்டு என்று முதன்முதலாக நிரூபித்தேன். மூக்கு மேலே போனது. முழு வேகத்தில் என்ஜின் கொடுக்கும் உந்தலுக்கு முன்னால் இது குழந்தை விளையாட்டு.

சர்ர்ர்.

"ஐயோ!"

சீட்டு பின்சுவர் வரை ஓடி முட்டியது. ஆய்வாளரின் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருந்தன. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்திருந்தன, கடைசி பஸ்ஸின் கம்பியைப் போல.

விமானி ஊன்றுகோலை ஊன்றி ஜன்னலருகே போனார்.

"எதுக்கு சார் ஸ்டியரிங்கை இழுத்தீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? சீட்டு பின்னால—"

ஆய்வாளர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

வாலை இறக்கினோம். இல்லை, மூக்கை இறக்கினோம். ஆய்வாளர் வெளியே வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். தொப்பியின் பக்கம் திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

"அனுமதி இல்லாம உள்ள ஒரு திரைச்சீலை மாட்டினாக்கூட காப்பீடு செல்லாது. அது உங்களுக்குத் தெரியும். அதான் கம்பளத்தை உரிச்சு எடுத்திருக்கீங்க."

"ஒரு கம்பளத்துக்காக என் பள்ளியை மூடச் சொல்றீங்களா?" தொப்பி கத்தினார். "யாராவது ஒருத்தர் பழியை ஏத்துக்கிட்டா எல்லாரும் பிழைச்சுப்போம்! அந்தம்மாவுக்கு வேற வேலை கிடைக்காதா?"

"எனக்கு ஏன் சார் வேற வேலை? இதுதான் எனக்குத் தெரியுமே" என்றார் விமானி.

"இனிமே இந்த ஓடுபாதையில கால் வைக்க முடியாது நீங்க!"

"இப்போதைக்கு ஒரு கால்தான் வேலை செய்யுது. அதை வச்சுத்தான் நிக்கிறேன். இன்னொண்ணு வரட்டும், அதையும் வைக்கிறேன்."

ஆய்வாளர் இருவருக்கும் நடுவில் வந்தார். நல்ல மனிதர்; நல்ல மனிதர்களுக்கே உரிய ஒரு வியாதி அவருக்கும் இருந்தது. எதையும் பாதியாகப் பிரித்துச் சமாதானம் செய்வார். "மேடம், ஒண்ணு பண்ணலாம். 'கம்பளம் முக்கியக் காரணம், விமானி குனிந்து துளையைப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்'னு எழுதிடறேன். லைசென்ஸுக்கு ஆபத்தில்ல. சின்ன எச்சரிக்கையோட போயிடும். இன்னிக்கே ஃபைல் முடிஞ்சுடும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். மோசமில்லாத பேரம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணி விமானியைப் பார்த்தார்.

"துளைக்கு மேல கம்பளம் இருந்துச்சு சார்" என்றார் விமானி. "குனிஞ்சா என்ன தெரிஞ்சிருக்கும்?"

ஆய்வாளர் குனிந்து விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீலம் தெரிஞ்சிருக்கும்" என்றார் விமானி. "பெரிய தப்பு நான் பண்ணல. சின்னதும் பண்ணல. சமாதானத்துக்காகப் பண்ணினதா எழுதித் தரவும் மாட்டேன். அடிக்கிறதுன்னா அந்த வரியை முழுசா அடிங்க."

ஆய்வாளர் என்னிடமிருந்து தாளை வாங்கி, அந்த ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். ஒரு கோடு போதாதென்று இன்னொரு கோடும் போட்டார். "சரி. உங்க கையெழுத்து தேவையில்ல. நானே பார்த்ததை நானே எழுதிக்கிறேன்."

"இல்ல. கையெழுத்துப் போடறேன். வார்த்தை என்னோடதா இருக்கணும்."

ஊன்றுகோலை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, முறிந்த விமானத்தின் இறக்கையிலேயே தாளை வைத்து எழுதினார். சாய்ந்த இறக்கை; எழுத்தும் சாய்ந்துதான் போனது. எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஆய்வாளர் படித்தார். சீட்டு, துளை, முளை, கம்பளம், எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரிக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"'நான் சீட்டை ஆட்டிப் பார்த்தேன், நான் சொன்னதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.' மேடம், தொழில்நுட்ப அறிக்கையில இந்தக் கடைசி வரி எதுக்கு?"

விமானி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார்.

"அது முதல் வரி சார். மேல நீங்க அடிச்ச வரி இருந்துச்சு, இடம் இல்லாம போச்சு."